சென்னையில் ராக் பாட்டுக்கு டிரம்மரும் ஸ்டுடியோவும் தேடுவது: முழுமையான வழிகாட்டி

கிட்டாரை வீட்டிலேயே பதிந்துகொள்ளலாம். பேஸும் அப்படித்தான். குரலைக்கூட, தெரு அடங்கிய நேரம் பார்த்து, அலமாரித் துணிகளுக்கு நடுவே மைக்கை வைத்துப் பாடி எடுத்துவிடலாம். டிரம்ஸ் அப்படி வராது. அதற்கு நல்ல அறை வேண்டும், பத்துப் பன்னிரண்டு மைக் வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாகப் பாட்டு முழுக்கக் கை தளராமல் ஒரே மாதிரி அடிக்கிற ஒருவர் வேண்டும். சொந்தப் பாட்டு எழுதி வைத்திருக்கிற பிள்ளைகள் பலர் இங்கேதான் நின்றுபோகிறார்கள். பேண்டில் இருந்த டிரம்மர் வேலை கிடைத்து வெளியூர் போயிருப்பார். கம்ப்யூட்டரில் புரோகிராம் செய்த டிரம்ஸோடு ஒரு டெமோ கிடக்கும். அடுத்து யாரைக் கேட்பது, எங்கே போவது என்று தெரியாது. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் முதல் மூன்று பாட்டை நாங்கள் தலைகீழாகச் செய்தோம். முதலில் ஸ்டுடியோ பிடித்தோம். மைக் பட்டியலும் புகைப்படங்களும் பார்த்து, அட்வான்ஸ் கொடுத்து, தேதி குறித்த பிறகுதான் டிரம்மரைத் தேடினோம். அறைக்குள் போனால் அது டப்பிங்குக்காகக் கட்டிய இடம். சுவர் முழுக்கத் துணிப் பேனல், உட்கார்ந்தபடியே ஸ்டிக்கை நீட்டினால் தொட்டுவிடலாம் போலத் தாழ்ந்த ஃபால்ஸ் சீலிங். சிம்பல் (உலோகத் தட்டு) சத்தம் மேலே மோதி எல்லா மைக்கிலும் கொட்டியது. ஸ்னேர் (டிரம்மருக்கு நேர் முன்னால் இருக்கும் சின்ன டிரம்) மைக்கைத் தனியாகப் போட்டுக் கேட்டால் பாதிக்குப் பாதி ஹை-ஹாட், அதாவது காலால் மூடித் திறக்கிற இரட்டைத் தட்டு. மிக்ஸ் செய்தவர் இரண்டு நாள் போராடிவிட்டு, "இதைத் திரும்ப எடுத்துடுங்க தம்பி, உங்க காசுதான் வீணாகும்" என்றார். மூன்று பாட்டுக்கும் இரண்டு முறை செலவானது.

அதனால் வரிசை இதுதான்: முதலில் பாட்டைத் தயார் செய்யுங்கள், அடுத்து டிரம்மர், அதன் பிறகு அறை. அறையை டிரம்மரோடு பேசி முடிவு செய்யுங்கள்.

முதல் படி: பாட்டை டிரம்மர் கையில் கொடுக்கும் நிலைக்குக் கொண்டுவருவது

ஸ்டுடியோவில் வீணாகும் நேரத்தில் பெரும்பகுதி வீட்டில் முடித்திருக்க வேண்டிய வேலை. "இந்த இடத்துல எட்டு பாரா, பன்னெண்டா?" (பார் என்பது ஒரு தாளச் சுற்று) என்ற கேள்வி ஸ்டுடியோ மீட்டர் ஓடும்போது வரவே கூடாது.

ஒவ்வொரு பாட்டுக்கும் டெம்போவை, அதாவது நிமிடத்துக்கு எத்தனை தட்டு (பி.பி.எம்.) என்பதை, முடிவு செய்யுங்கள். கிட்டாரை எடுத்து நின்றபடி பாடி, காலால் தட்டிப் பார்த்து, இரண்டு மூன்று நாள் இடைவெளியில் திரும்பச் சரிபாருங்கள். ராத்திரி உற்சாகத்தில் 142 என்று குறித்தது காலையில் 136 போதும் என்று தெரியும். கோரஸில் இரண்டு பி.பி.எம். ஏற்றினால் நன்றாக இருக்கும் என்று தோன்றினால் அதையும் இப்போதே கிளிக்கில் (வேகத்தைக் காட்டும் "டிக் டிக்" ஒலியில்) செய்துவிடுங்கள்.

பிறகு அந்தக் கிளிக்கோடு சேர்ந்து கிட்டார், பேஸ், குரல் மூன்றையும் கைடாக, டிரம்மர் கேட்டுக்கொண்டே வாசிப்பதற்கான தற்காலிகப் பதிவாக, எடுங்கள். கைடு என்பதால் அலட்சியம் வேண்டாம். டிரம்மர் சாய்ந்துகொள்ளப் போவது உங்கள் ரிதம் கிட்டார் மேல்தான். அது தள்ளாடினால் அவரும் தள்ளாடுவார். சுரம் பிசகினால் பரவாயில்லை, தாளம் பிசகக் கூடாது.

அவருக்கு அனுப்ப வேண்டியவை: கிளிக் தனி, கிட்டார் தனி, பேஸ் தனி, குரல் தனி, புரோகிராம் செய்த டிரம்ஸ் இருந்தால் அதுவும் தனி. எல்லாம் 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் வேவ் ஃபைல்கள், எல்லாம் ஒரே புள்ளியில் தொடங்க வேண்டும். பாட்டுக்கு முன்னால் இரண்டு பார் எண்ணிக்கை விடுங்கள். கூடவே ஒரு தாளில் பாட்டின் வரைபடம்: இன்ட்ரோ 8 பார், வெர்ஸ் 16, பிரீ-கோரஸ் 4, எங்கே நிற்க வேண்டும், எங்கே எல்லோரும் சேர்ந்து அடிக்க வேண்டும். ஸ்டாஃப் நொட்டேஷன் தெரியாவிட்டால் குறை இல்லை. பார் கணக்கு போதும்.

தாளக் கணக்கு கொஞ்சம் கோணலாக இருந்தால் இந்த ஊரில் உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. ஏழில் ஒரு ரிஃப் இருந்தால், "மிஸ்ர சாபு மாதிரி, மூணு நாலு" என்று சொன்னாலே பல டிரம்மர்களுக்குப் பிடிபட்டுவிடும். ஐந்துக்குக் கண்டம். நாட்டுப்புறப் பாட்டு நடை வேண்டுமென்றால் அவர் முன்னால் தொடையில் தட்டிக் காட்டுங்கள். ஆறு எட்டு என்று சொல்வதைவிட அது வேகமாகப் போய்ச் சேரும்.

இரண்டாம் படி: டிரம்மரைத் தேடுவது

சென்னையில் நல்ல டிரம்மர்கள் மூன்று இடத்திலிருந்து வருகிறார்கள். ஒன்று சர்ச். ஞாயிறு தவறாமல் பாடகர் குழுவோடு வாசித்து வளர்ந்தவர்கள் இவர்கள். பாடுகிறவரின் மூச்சைக் கேட்டு வாசிக்கிற பழக்கம் உண்டு, எங்கே அடக்க வேண்டும் என்று தெரியும், காதில் கிளிக்கோடு வாசித்தும் பழகியிருப்பார்கள். இரண்டாவது லைட் மியூசிக் மேடை. ஒரு ராத்திரியில் முப்பது பாட்டு வாசிக்கிறவர்கள், ஒருமுறை கேட்டால் பாட்டின் அமைப்பு மனதில் நின்றுவிடும். மூன்றாவது காலேஜ் கல்ச்சுரல்ஸ் வழியாக வந்த ராக், மெட்டல் பிள்ளைகள். ஐ.ஐ.டி. சாரங் மாதிரி மேடைகளில் இவர்களைப் பார்க்கலாம். டபுள் பெடல், வேகம், பலம் எல்லாம் இருக்கும். இதுபோக கே.எம். மியூசிக் கன்சர்வேட்டரி போன்ற இடங்களில் படித்தவர்களும், டிரினிட்டி ராக் அண்ட் பாப் தேர்வில் எட்டாம் கிரேடு வரை போனவர்களும் இருக்கிறார்கள். கிரேடு என்பது வாசிக்கத் தெரியும் என்பதற்குச் சான்று. ரெக்கார்டிங்குக்கு அது மட்டும் போதாது.

தேடத் தொடங்க ஜாம் ரூம்தான் நல்ல இடம். மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகிற அந்த அறைகளை நடத்துகிறவர்களுக்கு யார் நேரத்துக்கு வருவார், யார் டிரம் ஹெட்டை (அடிக்கிற தோலை) கிழிக்காமல் வாசிப்பார் என்பதெல்லாம் தெரியும். அண்ணா சாலையில் 1842 முதல் இருக்கிற மியூசி மியூசிக்கல் போன்ற கடைகளிலும், டிரம்ஸ் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களிடமும் கேளுங்கள். நல்ல ஆசிரியர் தானே வருவார், இல்லையென்றால் கைக்குப் பொருத்தமான மாணவரைக் காட்டுவார். பேஸ் வாசிக்கிறவர்களை மறந்துவிடாதீர்கள். ஒரு டிரம்மரைப் பற்றி அவர்களைவிட உண்மையாகச் சொல்லக்கூடியவர் யாரும் இல்லை.

யாரைக் கண்டாலும் முதலில் மேடையில் போய்க் கேளுங்கள். சோலோவைக் கவனிக்காதீர்கள். சாதாரணமான ஒரு வெர்ஸில், அவர் எதுவும் காட்டாமல் வாசித்துக்கொண்டிருக்கும்போது, கண்ணை மூடிக்கொண்டு ஸ்னேரை மட்டும் பின்தொடருங்கள். இருபது அடி எண்ணுங்கள். இருபதும் ஒரே கனத்தில் விழுகிறதா? அடுத்து ஹை-ஹாட். இங்கேதான் பெரும்பாலானவர்கள் தவறுகிறார்கள். வலது கை ஹை-ஹாட்டை ஓங்கி ஓங்கி அறையும், இடது கை ஸ்னேரைத் தயங்கித் தொடும். மேடையில் அது உற்சாகமாகத் தெரியும். ரெக்கார்டிங்கில் அதைச் சரிசெய்ய வழியே இல்லை. ஸ்னேர் மைக்குக்கும் ஹை-ஹாட்டுக்கும் இடையே ஒரு சாண்தான் தூரம். ஸ்னேரின் சத்தத்தை ஏற்றும்போதெல்லாம் ஹை-ஹாட்டும் சேர்ந்து ஏறும். டிரம்மைப் பலமாகவும் சிம்பலை மென்மையாகவும் அடிக்கத் தெரிந்தவர் கிடைத்தால், அவர் கேட்கிற தொகை கொஞ்சம் அதிகமானாலும் அவரையே பிடித்துக்கொள்ளுங்கள். மிக்ஸில் மிச்சமாகும் நேரம் அதை ஈடுகட்டிவிடும்.

அடுத்து ஒரு சின்னப் பரீட்சை. ஒரு பாட்டின் கைடை அனுப்பி, "அண்ணா, ஜாம் ரூம்ல போன்லயே ரெக்கார்ட் பண்ணி அனுப்புங்க போதும்" என்று கேளுங்கள். அந்த நேரத்துக்கு ஒரு தொகை கொடுத்துவிடுங்கள், இலவசமாகக் கேட்காதீர்கள். திரும்பி வருவதில் ஒலித்தரத்தைப் பார்க்க வேண்டாம். பாட்டைக் கேட்டிருக்கிறாரா, குரல் வரும் இடத்தில் ஒதுங்குகிறாரா, ஃபில் (பகுதிகளுக்கு நடுவே போடும் உருட்டல்) முடிந்து திரும்பும்போது கிளிக்கில் சரியாக வந்து இறங்குகிறாரா என்று பாருங்கள். முன்பு பதிந்த டிரம்ஸ் இருந்தால் மிக்ஸ் செய்யாத டிராக்கைக் கேட்டு வாங்குங்கள். மிக்ஸ் ஆன பாட்டில் கேட்பது யாருடைய ஸ்னேர் என்று யாரும் சொல்ல முடியாது, சேம்பிள் (வேறு எங்கோ பதிந்த அடி) ஏற்றியிருப்பார்கள்.

தேதி விஷயத்தில் ஒன்று. டிசம்பரை விட்டுவிடுங்கள். சர்ச்சில் வாசிக்கிறவர்களுக்குக் கேரல், கிறிஸ்துமஸ் ஆராதனை, ஆண்டிறுதி ஆராதனை என்று மூச்சுவிட நேரம் இருக்காது. மேடையில் வாசிக்கிறவர்களுக்குப் புத்தாண்டு நிகழ்ச்சிகள். ஞாயிறு காலையும் கேட்காதீர்கள்.

மூன்றாம் படி: பணமும் பேச்சும்

முன்கூட்டியே பேசினால் சங்கடமே இல்லை. பாட்டுக்கு இவ்வளவா, கால்ஷீட்டுக்கு இவ்வளவா? கால்ஷீட் என்றால் எத்தனை மணி நேரம்? ஒத்திகை அதில் சேருமா? பிறகு ஒரு பாட்டில் மாற்றம் கேட்டால் எவ்வளவு? அவருடைய கிட் வருமா, வண்டி வாடகை யாருடையது? குட்டி யானை பிடித்தால் போகவர இரண்டுக்கும் நீங்கள் கொடுப்பதுதான் முறை. சாப்பாடும் உங்களுடையது. ஸ்டுடியோவிடம் ஜி.எஸ்.டி. சேர்த்துச் சொல்கிறார்களா என்று கேளுங்கள். 18 சதவீதம் கடைசி நிமிடத்தில் பில்லில் ஏறினால் பட்ஜெட் கிழிந்துவிடும்.

எழுத்தில் ஒரு பக்கம் போடுங்கள். இது நம்பிக்கைக் குறைவு இல்லை. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி வாசித்தவருக்கு நிகழ்த்துநர் உரிமை உண்டு, அது 50 ஆண்டுகள் நிற்கும். உரிமையை மாற்றிக்கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். எத்தனை காலத்துக்கு என்று எழுதாவிட்டால் 5 ஆண்டு என்றும், எந்த நிலப்பரப்புக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். பாட்டை உலகம் முழுக்க ஸ்ட்ரீமிங்கில் விடப்போகிறவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை. பாட்டின் பெயர்கள், தொகை, காலம், பரப்பு, அவர் பெயர் கிரெடிட்டில் எப்படி வர வேண்டும் என்பது, இவ்வளவும் இருந்தால் போதும். பெயரின் எழுத்துக்கூட்டலை அவரையே எழுதச் சொல்லுங்கள்.

நான்காம் படி: அறை

கோடம்பாக்கம், வடபழனி, சாலிகிராமம், வளசரவாக்கம் பக்கம் தெருவுக்குத் தெரு ஸ்டுடியோ போர்டு தெரியும். சினிமாவை நம்பி வளர்ந்த இடங்கள் இவை. ஒரு காலத்தில் முழு ஆர்க்கெஸ்ட்ராவும் ஒரே கூடத்தில் உட்கார்ந்து வாசித்த ஊர் இது. கீபோர்டும் கம்ப்யூட்டரும் வந்த பிறகு தாளம் புரோகிராமிங்குக்குப் போனது. புதிதாகக் கட்டிய அறைகளில் பல, குரலுக்கும் டப்பிங்குக்கும் போதுமான சின்ன அறைகள். அதனால் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "இங்க லைவ் டிரம்ஸ் கடைசியா எப்ப எடுத்தீங்க?" என்பதுதான். எடுத்திருந்தால் அந்த மிக்ஸ் செய்யாத டிராக்குகளை ஒரு நிமிடம் போட்டுக்காட்டச் சொல்லுங்கள். நல்ல இன்ஜினியர் சந்தோஷமாகப் போட்டுக்காட்டுவார்.

நேரில் போங்கள், முடிந்தால் டிரம்மரையும் கூட்டிக்கொண்டு. அறையின் நடுவில் நின்று ஓங்கி ஒரு கைதட்டு. தட்டிய பிறகு கம்பி அதிர்கிற மாதிரி "ட்ர்ர்" என்று ஓர் ஒலி தொடர்ந்தால் எதிரெதிர்ச் சுவர்கள் இரண்டும் வெறுமையாக இருக்கின்றன என்று அர்த்தம். தட்டிய சத்தம் பஞ்சில் விழுந்த மாதிரி அப்படியே செத்துப்போனால், அது குரலுக்கான அறை. ராக் டிரம்ஸுக்கு வேண்டியது இரண்டுக்கும் நடுவில்: சத்தம் கொஞ்சம் விரிந்து, பிறகு ஒழுங்காக அடங்க வேண்டும். கூரை எவ்வளவு உயரமோ அவ்வளவு நல்லது. பத்தடிக்குக் கீழே இருந்தால் நான் வேறு இடம் பார்ப்பேன்.

மைக் விஷயத்தில் பட்டியல் நீளத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். ஒரே நேரத்தில் எத்தனை சேனல் உள்ளே போகும் என்று கேளுங்கள். கிக்குக்கு (காலால் அடிக்கிற பெரிய டிரம்) இரண்டு, ஸ்னேருக்கு மேலும் கீழும் இரண்டு, டாம் மூன்று, ஹை-ஹாட் ஒன்று, ஓவர்ஹெட் (கிட்டுக்கு மேலே வைப்பது) இரண்டு, ரூம் மைக் (தள்ளி வைத்து அறையின் ஒலியை எடுப்பது) இரண்டு. ஆகப் பன்னிரண்டு. எட்டே இருந்தாலும் நல்ல அறையில் நல்ல பதிவு வரும். ஸ்னேரில் ஒரு ஷூர் எஸ்.எம். 57, கிக்கில் ஏ.கே.ஜி. டி 112 அல்லது ஷூர் பீட்டா 52, ஓவர்ஹெட்டுக்கு ஒரே மாதிரியான இரண்டு கண்டென்சர். இவை இருந்தால் மற்றதைச் சமாளிக்கலாம்.

ஸ்டுடியோ கிட் இருந்தால் ஹெட்டைத் தடவிப் பாருங்கள். நடுவில் பள்ளம் விழுந்திருந்தால் புது ஹெட் நீங்கள் வாங்கித்தான் ஆக வேண்டும். ராக்குக்கு ஸ்னேரில் ரெமோ அம்பாசடர் கோட்டட் மாதிரி ஒற்றை அடுக்கு, டாமில் எவன்ஸ் ஜி2 மாதிரி இரட்டை அடுக்கு என்பது பெரும்பாலும் சரியாக வரும். பதிவுக்கு முந்தின நாளே மாட்டி இழுத்துவையுங்கள், ஒரு ராத்திரியில் அது படிந்துவிடும். கிட் ஸ்டுடியோவுடையதாக இருந்தாலும் ஸ்னேர், சிம்பல், கிக் பெடல் மூன்றையும் டிரம்மர் தன்னுடையதைக் கொண்டுவரட்டும். ஒரு டிரம்மரின் கை இந்த மூன்றில்தான் இருக்கிறது.

இன்னும் சில: எந்த மாடி, லிஃப்ட் உண்டா? கரண்ட் போனால் கம்ப்யூட்டர் நிற்குமா, யு.பி.எஸ். எவ்வளவு நேரம் தாங்கும், ஜெனரேட்டர் சத்தம் அறைக்குள் வருமா? ஏ.சி. சத்தம் ரூம் மைக்கில் விழுமா? இரவு எத்தனை மணிவரை வாசிக்கலாம்? வீடுகளுக்கு நடுவே இருக்கிற ஸ்டுடியோவில் பத்து மணிக்கு மேல் கிக் அடித்தால் பக்கத்து வீட்டுக் கதவு திறக்கும்.

பணம் மிகக் குறைவென்றால் எலெக்ட்ரானிக் கிட்டில் வாசிக்க வைத்து மிடியாக (எந்த அடி, எப்போது, எவ்வளவு பலம் என்ற தகவலாக மட்டும்) எடுத்து, பிறகு டிரம் சாஃப்ட்வேரில் ஒலி ஏற்றிக்கொள்ளலாம். கிக்கும் டாமும் நம்பும்படி இருக்கும். சிம்பல்தான் காட்டிக்கொடுக்கும்.

ஐந்தாம் படி: பதிவு நாள்

எட்டு மணி நேரத்தில் மூன்று பாட்டு என்று திட்டமிடுங்கள், நான்கு என்பது மிக நன்றாகத் தயாரானவர்களுக்கு. முதல் இரண்டு மணி நேரம் கிட் பூட்டவும், சுருதி சேர்க்கவும், மைக் வைக்கவும் போய்விடும். ஆற்காடு சாலை நெரிசலை நினைத்து அரை மணி முன்பே கிளம்புங்கள்.

சுருதி சேர்ப்பதைப் பக்கத்தில் இருந்து பாருங்கள். நல்ல டிரம்மர் ஸ்னேரை மடியில் வைத்துக்கொண்டு, விளிம்பிலிருந்து இரண்டு விரல் தள்ளி, ஒவ்வொரு திருகாணிக்கும் முன்னால் ஸ்டிக் நுனியால் மெல்லத் தட்டுவார். பத்து இடத்திலும் ஒரே சுரம் வரும்வரை சாவியைக் கால் திருப்பு, அரைக்கால் திருப்பு என்று எதிரெதிராகத் திருகிக்கொண்டே போவார். அந்த இருபது நிமிடத்தில் யாரும் கிட்டார் நோண்டக் கூடாது. நமது ஊர்ப் புழுக்கத்தில் வெளியே இருந்து வந்த டிரம் ஏ.சி. அறையில் கொஞ்ச நேரம் இருந்த பிறகுதான் சுருதி நிற்கும். வந்தவுடன் உறையிலிருந்து எடுத்து வைத்துவிடுங்கள்.

மைக் வைத்ததும் ஒரு கயிறோ மைக் கேபிளோ எடுத்து, ஸ்னேரின் நடுவிலிருந்து இரண்டு ஓவர்ஹெட்டுக்கும் தூரம் ஒன்றாக இருக்கிறதா என்று அளக்கச் சொல்லுங்கள். சத்தம் 35 செ.மீ. கடக்க ஏறக்குறைய ஒரு மில்லி செகண்ட் ஆகும். ஒரு மைக் அவ்வளவு தள்ளியிருந்தாலே இரண்டையும் சேர்க்கும்போது 500 ஹெர்ட்ஸ் பக்கம் ஒலி ஒன்றையொன்று தின்றுவிடும், ஸ்னேர் இளைத்துப்போகும். ஸ்னேர் கீழ் மைக்கின் ஃபேஸை (ஒலி அலையின் ஏற்ற இறக்கத்தை) தலைகீழாகத் திருப்பிப் போட்டும் கேளுங்கள். எதில் சதை அதிகமோ அதுதான் சரி.

ஹெட்ஃபோனில் கிளிக் எவ்வளவு என்பதை டிரம்மரே முடிவு செய்யட்டும். காதை மூடுகிற வகை ஹெட்ஃபோன் வேண்டும். பாட்டு முடியும் இடத்தில் சிம்பல் அடங்கும்போது கிளிக்கை நிறுத்திவிட வேண்டும், இல்லையென்றால் அந்த நீண்ட ஒலியில் "டிக் டிக்" என்று கசிந்து கேட்கும். லெவல் விஷயத்தில் ஓங்கி அடிக்கும்போது மைனஸ் 10 டெசிபெல் தொட்டால் போதும்.

நடுத்தரமான பாட்டில் தொடங்குங்கள், கை சூடான பிறகு கடினமானது, சாப்பாட்டுக்குப் பிறகு மெதுவானது. ஒவ்வொரு பாட்டையும் மூன்று முறை முழுதாக எடுங்கள். நடுவில் நிறுத்தாதீர்கள். பிறகு உட்கார்ந்து கேட்டு, தவறிய இடத்தை மட்டும் திரும்ப வாசித்துப் பஞ்ச் செய்யலாம். பேசுவது ஒருவராக இருக்கட்டும். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான்கு பேர் நான்கு யோசனை சொன்னால் எந்தக் கையும் உறைந்துபோகும். எங்கள் இரண்டாவது முயற்சியில் வாசித்த அண்ணன் மூன்றாவது டேக் முடிந்ததும் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு, "தம்பி, உன் குரல் கைட்ல கோரஸுக்கு முன்னாடி மூச்சு இழுக்கிறே பாரு, அத வெச்சுதான் நான் உள்ள வரேன், அத கட் பண்ணிடாத" என்றார். அந்த மூச்சு இன்றும் அந்தப் பாட்டில் இருக்கிறது.

எல்லாம் முடிந்து கிட்டைக் கழற்றும் முன் பத்து நிமிடம் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு டிரம்மையும் தனியாக, மெதுவாக, நடுத்தரமாக, பலமாக நாலைந்து முறை, ஒலி முழுதாக அடங்கும்வரை விட்டு அடிக்க வேண்டும். ஒவ்வொரு சிம்பலையும் அப்படியே. பிறகு ஒரு அடி சரியாக விழவில்லை என்று தெரிந்தால், அதே அறை, அதே ஸ்னேரின் இன்னொரு அடியை எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

கடைசியாக ஃபைல்கள். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு டிராக் நிமிடத்துக்கு 8.6 எம்.பி. பன்னிரண்டு டிராக், நான்கு நிமிடப் பாட்டு என்றால் ஒரு டேக்குக்கு 415 எம்.பி. மூன்று பாட்டு, பாட்டுக்கு நாலைந்து டேக் என்று போனால் ஐந்தாறு ஜி.பி. அனுப்பிவைக்கிறோம் என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். கையில் ஹார்ட் டிஸ்க் கொண்டுபோய், எல்லா டேக்கும், கிளிக்கும், டெம்போ கணக்கும் சேர்த்துக் காப்பி எடுத்து, உங்கள் லேப்டாப்பில் திறந்து ஒவ்வொரு டிராக்கும் ஒலிக்கிறதா என்று பார்த்துவிட்டு, மீதிப் பணத்தை டிரம்மர் கையில் கொடுத்து, வண்டியில் கிட்டை ஏற்ற ஒரு கை பிடியுங்கள். வீட்டுக்கு வந்ததும் இன்னொரு டிஸ்க்கில் இரண்டாவது காப்பி.